அந்தமானுக்கு ஒரு டூர் போடலாமா?

பரீட்சை முடிவதற்கு முன்பே வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" ஊட்டி என்பார் அப்பா. திருச்செந்தூர் என்பார் பாட்டி. கொடைக்கானல் என்பார் அம்மா. இந்த முறை நீங்கள் புதிதாக ஓர் ஊரைச் சொல்லுங்கள், குட்டீஸ். அந்தமான்!

"அதெல்லாம் ரொம்ப தூரம். செலவும் ஜாஸ்தி. உனக்கு என்ன தெரியும்?" என்றுதான் முதலில் பதில் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து நீட்டுங்கள். எப்போது போவது, எதில் போவது, எந்த நாளில் எங்கே இருப்பது, எங்கே போகவே கூடாது, எல்லாம் அதில் எழுதியிருந்தால் பெரியவர்கள் அசந்துபோவார்கள்!

அந்த நோட்டை இன்று நாம் சேர்ந்தே தயாரிப்போம். போன வருட ரஃப் நோட்டில் மிச்சமிருக்கும் தாள்கள் போதும். எட்டுப் பக்கங்கள், ஒரு பென்சில், ஓர் அட்லஸ். எடுத்துவிட்டீர்களா? சரி, ஆரம்பிக்கலாம்.

பக்கம் 1: தீவு எங்கே இருக்கிறது?

அட்லஸில் சென்னையின் மேல் விரலை வையுங்கள். அப்படியே கிழக்கே, வங்காள விரிகுடாவின் மேல் நகர்த்துங்கள். கடல், கடல், கடல். ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் போன பிறகு, யாரோ பச்சை மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டது போல ஒரு தீவு வரிசை தெரியும். அதுதான் அந்தமான் நிக்கோபார்.

வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது இந்த வரிசை. மேல் பகுதி அந்தமான், கீழ்ப் பகுதி நிக்கோபார். இரண்டுக்கும் நடுவே உள்ள கடல் பகுதிக்கு 'பத்து டிகிரிக் கால்வாய்' என்று பெயர். பத்தாவது டிகிரி அட்சரேகை அந்த வழியாகப் போவதால் இந்தப் பெயர்.

பெரியதும் சிறியதும் வெறும் பாறையுமாகச் சேர்த்து எண்ணினால் 800-க்கும் அதிகம். ஆனால் மக்கள் வாழ்வது 30 சொச்சம் தீவுகளில்தான். உண்மையில் இவை எல்லாம் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு நீண்ட மலைத்தொடரின் உச்சிகள். மலை தண்ணீருக்குள், தலை மட்டும் வெளியே!

நிக்கோபாரின் பழைய பெயரை நம் சோழர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களின் பட்டியலில் 'மாநக்கவாரம்' என்று ஓர் இடம் வருகிறது. அது நிக்கோபார்தான் என்கிறார்கள் வரலாற்று அறிஞர்கள்.

நோட்டில் ஒரு குறிப்பு: தீவுகளின் தலைநகரை உங்கள் தாத்தா 'போர்ட் பிளேர்' என்பார். 2024-ல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஹேவ்லாக் தீவு, நீல் தீவு என்று பழைய புத்தகங்களில் படித்திருந்தால், 2018 முதல் அவை சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் குழப்பம் வராது.

பக்கம் 2: எப்போது போவது?

"லீவு விட்டதும் போகலாம்" என்பீர்கள். ஆனால் தீவு நம் பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்ப்பதில்லை. அதற்கென்று தனிக் காலண்டர் இருக்கிறது.

அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே மாத நடுவிலேயே தென்மேற்குப் பருவமழை அங்கே வந்துவிடும். கேரளாவுக்கு வருவதற்கும் முன்பே! செப்டம்பர் வரை அது பெய்யும். அடுத்து வடகிழக்குப் பருவமழை. ஓர் ஆண்டில் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் படகுகள் ரத்தாகும்.

கடல் அமைதியாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது நமக்கு ஸ்கூல் இருக்கிறதே! ஆகவே இரண்டு வாய்ப்புதான். ஒன்று, அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசி வாரம். இன்னொன்று, முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசி வாரம்.

டிசம்பர் கடைசியில் வெயில் குறைவு. ஆனால் ஊர் முழுக்கக் கூட்டம், எல்லாக் கட்டணமும் உயர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் கூட்டம் குறைவு. ஆனால் புழுக்கம் அதிகம். இன்னொரு சங்கடமும் உண்டு. தீவில் அது தண்ணீர்ப் பஞ்சக் காலம்.

என்னது, அவ்வளவு மழை பெய்கிற இடத்தில் தண்ணீர்ப் பஞ்சமா? ஆமாம்! தீவு சிறியது; நிலம் சரிவானது; பெரிய ஆறுகள் கிடையாது. பெய்த மழையில் பெரும்பகுதி சறுக்கு மரத்தில் சறுக்குவது போலக் கடலுக்குள் ஓடிவிடும். தலைநகருக்கு முக்கியமாகக் குடிநீர் தருவது தானிகாரி என்ற அணை. கோடையில் அதில் நீர்மட்டம் இறங்கிவிடும். குழாயில் தினமும் தண்ணீர் வராது. நாம் விருந்தாளியாகப் போய் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடினால், அங்கே ஒரு வீட்டில் குடம் காலியாக இருக்கும்.

எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதை நோட்டில் எழுதுங்கள்: 'ஒரு ஆளுக்கு ஒரு பக்கெட்.'

பக்கம் 3: கப்பலா, விமானமா?

சென்னையிலிருந்து விமானத்தில் போனால் இரண்டே கால் மணி நேரம். சாப்பிட்டு, ஜன்னல் வழியாக மேகம் பார்த்து முடிப்பதற்குள் தீவு வந்துவிடும்.

கப்பலில் போனால்? சுமார் 60 முதல் 70 மணி நேரம்! ஏறக்குறைய மூன்று நாள். ஒரு கணக்குப் போடுங்கள். 1,350 கிலோமீட்டர் தூரத்தை 60 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர். நன்றாக மிதித்தால் உங்கள் சைக்கிளே அந்த வேகத்தில் போகும்! ஆனால் சைக்கிள் கடலில் போகாதே.

இந்தப் பயணிகள் கப்பல்களை அந்தமான் நிர்வாகம் இயக்குகிறது. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் கப்பல் உண்டு. தினமும் கிடையாது, மாதத்தில் சில முறைதான். மேலும் கீழுமாகப் படுக்கைகள் உள்ள பொது 'பங்க்' வகுப்பும் உண்டு. தனி அறைகளும் உண்டு. பங்க் வகுப்புக்குக் கட்டணம் குறைவு.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் வீட்டில் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கேளுங்கள். பத்து நாள் என்றால், கப்பலில் போய் வரவே ஆறு நாள் ஆகிவிடும். மீதி நான்கு நாள்தான் தீவில். கப்பலே ஓர் அனுபவம்தான். நாலு பக்கமும் கடல், ராத்திரியில் தலைக்கு மேல் நட்சத்திரம். ஆனால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று பிரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் கப்பல், அந்தப் பக்கம் விமானம் என்று நன்மை தீமைகளை எழுதுங்கள். முடிவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுங்கள்.

பக்கம் 4: சூரியன் காட்டும் மணி

இது பலரும் மறந்துவிடும் பக்கம். அதனால் டூரில் பாதி நாளை இழந்துவிடுவார்கள்.

இந்தியா முழுவதற்கும் கடிகாரத்தில் ஒரே நேரம்தான். ஆனால் சூரியனுக்கு அது தெரியுமா? கிழக்கே இருக்கிற ஊருக்கு முதலில் விடியும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை இருப்பது சுமார் 80 டிகிரி தீர்க்கரேகையில். ஸ்ரீ விஜயபுரம் இருப்பது 92½ டிகிரியைத் தாண்டி. வித்தியாசம் பன்னிரண்டரை டிகிரி. நான்கால் பெருக்குங்கள். 50 நிமிடம்!

அதாவது, சென்னையில் விடிவதற்குச் சுமார் 50 நிமிடம் முன்பே அங்கே விடிந்துவிடும். அதே போல முன்னதாகவே இருட்டியும் விடும். டிசம்பர் கடைசியில் மாலை 5 மணி தாண்டியதுமே சூரியன் கடலுக்குள் இறங்கிவிடும். "சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஐந்தரைக்கு பீச் போகலாம்" என்று அப்பா சொன்னால், டார்ச் லைட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

ஆகவே நோட்டில் எழுதுங்கள்: 'காலை 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மாலை 4 மணிக்குள் கடற்கரையில் இருக்க வேண்டும்.'

பக்கம் 5: எந்த நாளில் எங்கே?

விமானத்தில் போவதாக வைத்துக்கொண்டு ஏழு நாளுக்கு ஒரு திட்டம் போட்டுப் பார்ப்போம்.

முதல் நாள்: தலைநகரில் செல்லுலார் சிறை. ஆங்கிலேயர்கள் 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த சிறை இது. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு கட்டடங்கள். ஏறக்குறைய 700 அறைகள். ஓர் அறைக்கு ஒரே ஒரு கைதி. எதிர்க் கட்டடத்தின் முதுகுதான் கண்ணில் படும். பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று தெரியாது, பேச முடியாது. விடுதலை கேட்டவர்களைத் தனிமையால் தண்டித்தார்கள். இன்று மூன்று கட்டடங்கள் மட்டும் மிச்சம். 1979-ல் அது தேசிய நினைவுச் சின்னமானது. அந்த அறை ஒன்றுக்குள் ஒரு நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். நிறையப் புரியும்.

இரண்டாம் நாள்: படகில் சுவராஜ் தீவு. வேகப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். மாலையில் ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' பத்திரிகை இதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று புகழ்ந்தது. மேற்கே பார்த்த கடற்கரை என்பதால் சூரியன் மறைவது அழகாகத் தெரியும்.

மூன்றாம் நாள்: அதே தீவில் யானைக் கடற்கரை. ஆழம் குறைந்த தண்ணீரில் பவளப்பாறையும் வண்ண மீன்களும். ஒரு காலத்தில் மரம் இழுக்க அந்தமானுக்கு யானைகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றில் ராஜன் என்ற யானை, கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்றது. 2016-ல் அது இறந்தது.

நான்காம் நாள்: ஷாஹீத் தீவு. காய்கறி விளையும் சின்னத் தீவு இது. அலைகள் அரித்து அரித்தே உருவாக்கிய ஒரு கல் பாலம் இங்கே உண்டு. கடல் உள்வாங்கி இருக்கும்போதுதான் அதன் பக்கத்தில் போக முடியும். ஆகவே, அன்று நீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று தங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஏற்றமும் வற்றமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஐந்தாம் நாள்: தலைநகருக்குத் திரும்புதல். எதிரே கடலில் தெரியும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுக்கு ஒரு நடை. பழைய பெயர் ராஸ் தீவு. ஆங்கிலேய அதிகாரிகள் மாளிகை கட்டி ஆட்டம் பாட்டமாக வாழ்ந்த இடம். இன்று அந்தச் சுவர்களை மரத்தின் வேர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மான்கள் உலாவுகின்றன!

ஆறாம் நாள்: 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா. வாண்டூர் என்ற இடத்திலிருந்து படகில் ஜாலி பாய் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே பிளாஸ்டிக் பாட்டில், பை எதற்கும் அனுமதி கிடையாது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கவும் செய்யாது. சில மாதம் ஜாலி பாய், சில மாதம் ரெட் ஸ்கின் என்ற இன்னொரு தீவு என்று மாறி மாறித் திறப்பார்கள். பவளத்துக்கும் லீவு வேண்டுமல்லவா?

ஏழாம் நாள்: ஊருக்குத் திரும்புதல்.

ஆறாம் நாளை ஏன் தலைநகரிலேயே வைத்திருக்கிறோம், கவனித்தீர்களா? கடல் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னத்தால் படகுகள் நின்றுபோய், ஆயிரத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் வந்துதான் மீட்டன. ஆகவே விமானத்துக்கு முதல் நாளாவது தலைநகரில் இருக்க வேண்டும். தீவு டூரின் முதல் விதி இதுதான்.

பக்கம் 6: போகக் கூடாத இடங்கள்

இந்தப் பக்கத்தைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதுங்கள். நோட்டிலேயே முக்கியமான பக்கம் இது.

நாம் போகும் தீவு காலி இடம் அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாழும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கிரேட் அந்தமானியர், ஒங்கே, ஜாரவா, சென்டினலியர் ஆகியோர் அந்தமானில். ஷோம்பென், நிக்கோபாரியர் ஆகியோர் நிக்கோபாரில்.

1858-ல் ஆங்கிலேயர்கள் அங்கே கைதிகளின் குடியேற்றத்தைத் தொடங்கியபோது கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெளியாட்கள் வந்தார்கள், கூடவே வெளியூர் நோய்களும் வந்தன. 1877-ல் தட்டம்மை பரவிப் பலர் இறந்தார்கள். நமக்குத் தட்டம்மை புதிதல்ல. அதை எதிர்க்கும் சக்தி அந்த மக்களின் உடம்பில் இல்லை. 1961-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 19! இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் போவா சீனியர் என்ற பாட்டி 2010-ல் இறந்தார். 'போ' என்ற மொழி தெரிந்த கடைசி மனிதர் அவர். அவரோடு அந்த மொழியும் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள். உங்கள் மொழியில் பேச உலகத்திலேயே இன்னொருவர் இல்லை என்றால் எப்படி இருக்கும்?

அதனால்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1956-லேயே பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறை வந்துவிட்டது. சென்டினலியர் வாழும் வடக்கு சென்டினல் தீவுக்கு யாரும் போகக் கூடாது. சுற்றிலும் 5 கடல் மைலுக்குள் படகே வரக் கூடாது. அவர்கள் யாரும் வருவதை விரும்பவில்லை. நம் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இருப்பது போல, அவர்களுக்கும் உண்டு. நிக்கோபார் தீவுகளுக்கும் சிறப்பு அனுமதி இல்லாமல் போக முடியாது.

ஜாரவா மக்களின் காட்டுக்குள் ஒரு நெடுஞ்சாலை போகிறது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்குப் பலர் அந்த வழியாகப் போகிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில், வண்டிகள் வரிசையாக, காவலோடுதான் விடுவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. பிஸ்கெட், வாழைப்பழம் எதுவும் நீட்டக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. 1999-ல் ஜாரவா மக்களிடமும் தட்டம்மை பரவியது. 'பாவம், ஒரு பிஸ்கெட்தானே' என்று நாம் நினைப்பது, அவர்களுக்கு நோயாகப் போய்ச் சேரலாம்.

"அந்தச் சாலையில் போனால் ஜாரவாவைப் பார்க்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் என்ன சொல்வீர்கள்? மனிதர்களை வேடிக்கை பார்க்க நாம் போகவில்லை என்று சொல்லுங்கள். நம் ஏழு நாள் திட்டத்தில் அந்தச் சாலை இல்லவே இல்லை. கவனித்தீர்களா?

பக்கம் 7: பையில் என்ன?

கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டைகள், பருத்தித் துணிகள், தொப்பி, முழுக்கை சட்டை, ரப்பர் செருப்பு, கொசு கடிக்காமல் இருக்க மருந்து, வாந்தி மாத்திரை (டாக்டரைக் கேட்டு), தண்ணீர் நிரப்பிக்கொள்ள ஸ்டீல் பாட்டில், துணிப்பை, டார்ச் லைட், கொஞ்சம் கையில் ரொக்கம். சின்னத் தீவுகளில் ஏ.டி.எம். குறைவு. செல்போன் பேச்சுக்கும் இணையத்துக்கும், சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் போட்டு 2020-ல் இணைத்தார்கள். ஆனாலும் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கொண்டு வரக் கூடாதவை: பவளத் துண்டு, சங்கு, சிப்பி. "கீழே கிடந்ததுதானே, செத்ததுதானே" என்று பையில் போட்டுக்கொள்ள ஆசை வரும். பவளத்தை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரும்.

பவளம் கல் அல்ல. மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாகக் கட்டும் வீடு. சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். உங்கள் முழங்கை உயரப் பவளம் உங்கள் தாத்தா குழந்தையாக இருக்கும்போது தொடங்கியதாக இருக்கலாம். அதன் மேல் ஏறி நின்று போட்டோவுக்கு போஸ் கொடுத்தால், ஒரு நொடியில் உடைந்துவிடும். செத்த சிப்பிக்கும் வேலை உண்டு. துறவி நண்டுக்கு அதுதான் வீடு. நீங்கள் ஒரு சிப்பியை எடுத்து வந்தால், அங்கே ஒரு நண்டு வீடில்லாமல் அலையும்!

கடலோரத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் இறங்கவே கூடாது. இரண்டு, பூமி அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபாரின் தெற்கு முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடி தண்ணீருக்குள் போனது. ஆனால் லிட்டில் அந்தமானின் ஒங்கே மக்கள், கடல் பின்வாங்குவதைப் பார்த்ததுமே உயரமான இடத்துக்குப் போய்த் தப்பினார்கள். முன்னோர் சொல்லி வைத்த அறிவு அது. நாம் பாடப் புத்தகத்தில் படிப்பதை அவர்கள் கதைகளிலேயே படித்துவிட்டார்கள்.

பக்கம் 8: செலவுக் கணக்கு

இதை நீங்களே போட முடியாது. பெரியவர்களோடு உட்கார வேண்டும். ஆனால் கட்டம் போட்டுக் கொடுக்க உங்களால் முடியும். போக வர டிக்கெட், தீவுகளுக்கு இடையே படகு, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வண்டி, நுழைவுக் கட்டணம். எல்லாம் கூட்டி, அதில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு நின்று ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அந்தப் பணம் கை கொடுக்கும்.

கூட்டுத்தொகையைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம். "இந்த வருஷம் முடியாதுப்பா" என்றும் சொல்லலாம். அழாதீர்கள், குட்டீஸ். நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடத்துக்கு உண்டியலில் சேர்க்கத் தொடங்குங்கள். நோட்டு வீணாகாது. தேதியும் கட்டணமும்தான் மாறும். மற்ற பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே பயன்படும். ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உண்டு. பவளத்தைத் தொடாமல் இருக்கும் பழக்கத்தை அங்கேயே ஆரம்பிக்கலாமே!

நாம் எழுதிய எட்டுப் பக்கத்தையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். 'எனக்கு என்ன வேண்டும்?' என்றுதான் ஆரம்பித்தோம். போகப் போக, 'தீவு எதைத் தாங்கும்?' என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். மழை எப்போது, தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டுக் கதவு மூடியிருக்கிறது, எதைத் தொடக் கூடாது... இதெல்லாம் தெரிந்துகொண்டு போகிறவர்தான் நல்ல விருந்தாளி. நல்ல விருந்தாளியைத்தானே எல்லோரும் "மறுபடியும் வாங்க" என்பார்கள்?

அட்டையில் உங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதியாகிவிட்டதா? அப்படியானால் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பா அம்மா முன்னால் நீட்டுங்கள். பாட்டியையும் கூப்பிட மறக்காதீர்கள். திருச்செந்தூர் கேட்ட பாட்டிக்கும் கடல் என்றால் பிடிக்குமே!